ராணியும் செவலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "முல்லைத்திணை பற்றித்தானே பேசுவீர்கள்?" என்று தலைப்பையும் அவரே தந்துவிட்டார். முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அது. ஆகவே அவர் அப்படி எண்ணியதில் பிழையில்லை. "நாயைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எந்த நாயம்மா?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்த நாய் என்பது எனக்கே பல ஆண்டுகள் விளங்காமல் இருந்தது.

என் தாத்தா ஊர் சாத்தூரை அடுத்த கரிசல் காட்டில் உள்ளது. தந்தையாரின் அலுவல் காரணமாக நாங்கள் விருதுநகரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். கோடை விடுமுறை வந்தால் தாத்தா ஊர்தான். பருத்திமார் பிடுங்கி முடித்த நிலத்தில் அப்போது ஆட்டுக்கிடை அமர்ந்திருக்கும். பகலில் மேய்ந்து வரும் ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்துவைப்பதும், அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாவதும், அதற்காக நிலத்துக்காரர் கீதாரிக்குத் தவசமோ பணமோ கொடுப்பதும் உங்களில் பலர் அறிந்தவை. கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

1990ஆம் ஆண்டு கோடையில் எனக்கு ஒன்பது வயது. கிடையில் ஒரு பெட்டை நாய் ஈன்றிருந்தது. ஏறத்தாழ மூன்று மாதக் குட்டிகள் ஆட்டுக்குட்டிகளோடு குட்டியாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உறங்கின. செம்மண் நிறத்தில் ஒரு பெண்குட்டி. அதைக் கேட்டு மூன்று நாள் அழுதேன். கீதாரித் தாத்தா தயங்கினார். "கிடையில பொறந்தது தாயி. வீட்ல தரிக்குமான்னு தெரியலயே" என்றார். என் அழுகைதான் வென்றது. அவர்கள் அதைச் 'செவலை' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. பாடநூலில் ஜான்சி ராணியைப் படித்திருந்த பெருமிதத்தில் 'ராணி' என்று பெயரிட்டேன்.

ராணிக்கு நான் செய்யாத கொடுமையில்லை. என் பழைய ரிப்பனைக் கழுத்தில் கட்டினேன். தயிர்ச்சோறு ஊட்டினேன். முன்காலைத் தூக்கிக் கைகொடுக்கக் கற்பித்தேன். வகுப்புத் தோழிகள் வந்தால் அந்த வித்தையைச் செய்துகாட்டச் சொல்வேன். அது செய்யும், செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டுக்குள் படுக்கவே படுக்காது. வாசற்படியில் தெருவைப் பார்த்துப் படுக்கும். எதிர்வீட்டுப் பாட்டி நான்கு வெள்ளாடுகள் வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் ராணி அங்கே போய், ஆடுகளுக்குக் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கினால் தெருவே விழித்துக்கொள்ளும்படி குரைக்கும். பாட்டிக்கு மகிழ்ச்சி; மற்ற எல்லாருக்கும் தொல்லை. எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'புத்தியில்லாத நாய்'. நானும்தான் அப்படிச் சொன்னேன்.

வீட்டு உரிமையாளர் ஒருநாள் வந்து, நாய் இருப்பதானால் நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். 1992 பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது. தந்தையார் அதைக் கீதாரியிடமே கொண்டுபோய் விட்டுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டுச் செய்யும் வழக்கம் அன்றைய வீடுகளில் இல்லை. அவர்மீது எனக்கிருந்த கோபம் தணிய வெகுகாலமாயிற்று.

அந்தக் கோடையில் கிடை எங்கள் தாத்தாவின் நிலத்திலேயே அமர்ந்தது. மாலையில் நான் ஓடிப்போனேன். முந்நூறு ஆடுகள் இருக்கும்; மேய்ச்சலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. புழுதிக்குள் ராணி தெரிந்தது. கழுத்தில் ரிப்பன் இல்லை. ஒரு காதில் கிழிந்து ஆறிய தழும்பு. "ராணி!" என்று கத்தினேன். நின்றது. பாய்ந்து வந்தது. என் தோளில் காலைத் தூக்கிப் போட்டு, அழுவதுபோல் ஒரு ஒலி எழுப்பி, முகமெல்லாம் நக்கியது. மறக்கவில்லை, என்னை மறக்கவே இல்லை என்று நான் பூரித்து நின்ற அந்தக் கணத்தில் அப்பால் ஒரு சீழ்க்கை கேட்டது. ராணி தலையைத் திருப்பியது. என் தோளிலிருந்து காலை எடுத்தது. திரும்பிப் பார்க்காமல் ஆடுகளின் ஓரமாக ஓடி, தன் இடத்தில் போய் நின்றுகொண்டது. நான் எத்தனை முறை அழைத்தும் காதை மட்டும் அசைத்ததே தவிர வரவில்லை.

கீதாரித் தாத்தா என் முகத்தைப் பார்த்தார். "அது இப்ப வேலையில இருக்கு தாயி" என்றார்.

அன்றிரவு நான் உண்ணவில்லை. தாத்தாவோடு களத்தில் படுத்திருந்தேன். கிடையில் மூன்று நாய்கள். நடுச்சாமத்தில் அவற்றுள் ஒன்று குரைத்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்து செவிகொடுத்தார். "தெக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. ஒங் கழுத வடக்க கெடக்கு. நரி ஓடைப் பக்கமா வந்திருக்கு" என்றார். குரைப்பை வைத்தே அவர் திசையையும் வந்தது நரியா மனிதனா என்பதையும் அறிந்தார். வடக்கே குரைத்த குரல் எனக்குத் தெரிந்த குரல். விருதுநகரில் தெருவை எழுப்பிய அதே குரல். அங்கே அது தொல்லை. இங்கே முந்நூறு உயிர்கள் அதை நம்பி உறங்கின. விடிந்ததும், ஆடுகளைத் திறந்துவிடுவதற்கு முன், ராணி தானாகவே களத்துக்கு வந்து என் பாதத்தின்மேல் தலைவைத்துப் படுத்தது. கொஞ்ச நேரந்தான்.

அதற்கடுத்த ஆண்டு அந்தக் கிடை எங்கள் பக்கம் வரவில்லை. பிறகும் வரவில்லை.

என்னை நோக்கி ஓடிவரும் நாயை நான் முன்பே அறிவேன். என்னைவிட்டுத் திரும்பிப் போகும் நாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிற்காலத்தில் தொழில் செய்யும் நாய்கள்மீது எனக்கேற்பட்ட ஈடுபாட்டிற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. சிறுவயதில் நாய் வளர்த்தவர்கள் பெரியவர்களான பின் நாயை நேசிப்பார்கள் என்பது எளிய கூற்று. அது மெய்யே; ஆனால் போதாது. நமக்குக் கைகொடுக்கும் நாய் நம்மைப் பற்றித்தான் நமக்குச் சொல்லித்தருகிறது. அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது எதைப் பார்க்கிறது என்று கேட்கத் தோன்ற வேண்டும். எனக்கு அந்தக் கேள்வி தோன்ற ஓர் இழப்பு தேவைப்பட்டது.

முதுகலை வகுப்பில் அகநானூறு பாடம் நடந்தது. இடைக்காடனார் பாடல் ஒன்று. உங்களில் பலர் அறிவீர்கள். மழை பெய்யும் நள்ளிரவில் தனியே கோலை ஊன்றி நிற்கும் இடையன் சீழ்க்கையடிக்கிறான். ஆட்டுமறியைப் பிடிக்கப் பதுங்கியிருந்த குறுநரி அஞ்சி முட்புதருக்குள் ஓடுகிறது. பாடலைக் கேட்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சீழ்க்கையை நான் காதால் கேட்டிருக்கிறேனே! எழுந்து நின்று, "ஐயா, நாய் எங்கே?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியர், "பாட்டில் இல்லாததைத் தேடுவது ஆய்வாகாதம்மா" என்றார். அவர் சொன்னது முறையான விடை. ஆயினும் அந்த இரவில் வடக்கே ஒரு நாய் படுத்திருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னைவிட்டு நீங்கவில்லை. என் ஆய்வேட்டில் அதை எழுதவில்லை. சான்றில்லாததை எழுதக் கூடாதென்பதை நானும் இப்போது மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆய்வுக் காலத்தில் நூலகத்தில் வேறொன்றைத் தேடப்போய், ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நாய்களின் சமூக நடத்தை பற்றிய நூல் கைக்குக் கிடைத்தது. நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில் யாரோடு பழகுகிறதோ, அவர்களையே தன் சுற்றமாகக் கொள்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்தப் பக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது. ராணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று மாதம். என் கைக்கு வருமுன்பே அதன் சுற்றம் முடிவாகியிருந்தது. ஆட்டுக்குட்டிகளோடு உறங்கிய அந்த வாரங்கள் என் தயிர்ச்சோற்றுக்கு முந்தியவை. எதிர்வீட்டு வெள்ளாடுகளை நாடிப் போனது புத்தியின்மையால் அன்று. உறவினரைத் தேடித்தான் போயிருக்கிறது.

பின்னர் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் இணையரின் ஆய்வுகளைப் படித்தேன். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், துருக்கி, இத்தாலி, யுகோசுலாவியா நாடுகளிலிருந்து கொணர்ந்த கிடைக்காவல் நாய்களை வைத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். திரைப்படங்களில் பார்க்கிறோமே, ஆட்டைக் கண்ணால் வெறித்து, பதுங்கிப் பதுங்கி ஓட்டிச் செல்லும் பார்டர் காலி நாய், அது வேறு. அதனிடம் இருப்பது வேட்டை நாயின் பதுங்கலும் துரத்தலும். கடிப்பதற்கு முன் நின்றுவிடும்படி மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. காவல் நாய்க்கு இரையைத் துரத்தும் ஆர்வமே இருக்கக் கூடாது. ஆட்டோடு ஆடாக இருக்க வேண்டும். அயலார் வந்தால் மட்டும் எழ வேண்டும். அதைக் குட்டிப் பருவத்திலேயே ஆடுகளோடு விட்டு வளர்க்கிறார்கள். நமீபியாவில் 1994 முதல் இத்தகைய நாய்களை ஆடு வளர்ப்போருக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆடு பிழைப்பதால் அவர்கள் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டியதில்லை; சிவிங்கிப்புலியும் பிழைக்கிறது. எங்கள் கீதாரித் தாத்தா எந்த நூலையும் படித்தவரல்லர். 'வீட்ல தரிக்குமான்னு தெரியலயே' என்ற அவர் சொல்லில் இவ்வளவும் அடங்கியிருந்தது. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பதினைந்து ஆண்டும் ஆங்கில நூல்களும் வேண்டியிருந்தன.

இளமையில் வளர்த்த உயிர் பிற்கால அறிவுக்கு வித்தாவது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான கொன்ராட் லோரன்சு, சிறுவனாக இருந்தபோது அண்டை வீட்டார் தந்த ஒரு நாள் வயதுடைய வாத்துக்குஞ்சு தம் பின்னாலேயே தொடர்ந்து வந்ததைத் தம் ஆய்வின் தோற்றுவாயாக எழுதியிருக்கிறார். (அவர் நாசிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ என்னால் இயலாது. வாத்துக்குஞ்சு ஒருவரை அறிஞராக்கலாம். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது போலும்.) சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால், விலங்குகளுக்கு மனமும் தனித்தன்மையும் உண்டென்பதைத் தமக்கு முதலில் கற்பித்தது இளமையில் பழகிய ரஸ்டி என்னும் நாயே என்று பலமுறை கூறியிருக்கிறார். அந்த நாய் அவருடையதுகூட அன்று, பக்கத்து விடுதியாருடையது.

இனி நம் இலக்கியத்திற்கு வருகிறேன். தமிழ் நாயை எப்படிப் பார்த்திருக்கிறது? பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களோடு புதர்களை அடித்து முயலை வலைக்குள் ஓட்டும் காட்சி உண்டு. குறிஞ்சிப்பாட்டில் தலைவனின் வேட்டை நாய்கள் தலைவியையும் தோழியையும் வளைத்துக்கொள்ள, அவர்கள் நடுங்கி இடம்பெயர்கிறார்கள். இவை உழைக்கும் நாய்கள். கபிலர் அவற்றின் பல்லையும் நகத்தையும் பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் நாய் உவமையாகிவிட்டது. நாலடியார் யானையையும் நாயையும் நிறுத்தி நட்புக்கு இலக்கணம் சொல்கிறது. வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வால் குழைக்கிறதாம் நாய். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எத்தனை இடங்களில் நாயை அழைக்கிறார்! பத்தியின் உருக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நன்றிக்கு ஒரு நாய், இழிவுக்கு ஒரு நாய் என்று இரண்டோடு நம் கவிதை நின்றுவிட்டதோ என்று ஐயுறுகிறேன். இரண்டிலும் நாய் மனிதனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆட்டைப் பார்க்கும் நாயைக் காணோம். இங்கே கவிஞர்கள் நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். சினம் கொள்ள வேண்டாம்.

புலவர்கள் விட்டதைக் கல்தச்சர்கள் விடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலால் பரவலாக அறியப்பட்டது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான். அந்தக் கல்வெட்டு அத்தோடு முடியவில்லை. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று பொறித்து, வீரனுருவத்தோடு நாயுருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். அதில் நன்றி என்ற சொல் இல்லை. புகழ்மொழியும் இல்லை. பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, 'அது இப்ப வேலையில இருக்கு தாயி' என்ற குரலையே மீண்டும் கேட்டேன்.

இன்னொன்று கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு. இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. நமக்கு அது வரலாற்றுப் பாடத்தில் வேறு காரணத்துக்காக அறிமுகமானது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டதைக் கூறும் சான்று அது. அதே கல்லில் ஒரு நாயின் கதையும் இருப்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அப்போரில் சிறந்து பொருத மணலேரன் என்னும் வீரனிடம், வேண்டியதைக் கேள் என்கிறான் பூதுகன். பொன் கேட்டிருக்கலாம், ஊர் கேட்டிருக்கலாம். மணலேரன், காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். அந்தக் காளி பின்னொரு நாள் பெரும் பன்றியோடு பொருதது. பன்றியும் நாயும் ஒருங்கே மாண்டன. அதற்கு எழுந்ததே அந்தக் கல். மணலேரன் தன் சிறுவயதில் எந்த நாயோடு புழுதியில் புரண்டானோ, கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் ஒரு போரின் முடிவில் நாயைப் பரிசாகக் கேட்பவன் திடீரென்று அப்படி ஆகியிருக்க மாட்டான் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. சான்றில்லாததை எழுதக் கூடாதென்றேன், பேசலாம்தானே!

இன்றைய நிலைமை பற்றிச் சில சொற்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை நாய்களுக்கு முறையான தொழில் இல்லாது போயிற்று. சட்டம் தேவையானது, அதில் எனக்கு மாறுபாடில்லை. 2005இல் இராசபாளைய நாய்க்கு அஞ்சல்தலை வெளியானது. 2020இல் பிரதமர் தம் வானொலி உரையில் தமிழ்நாட்டு நாயினங்களைக் குறிப்பிட்ட பின், அவற்றைக் கேட்டு வாங்குவோர் கூடினர். கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்ற பெயர்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் ஓடுவதற்கென்றே உருவான உயிரை மூன்றாம் மாடியில் கட்டிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு என் ரிப்பன்தான் நினைவுக்கு வருகிறது. கிடைநாய்க்கோ இனப்பெயரும் இல்லை, அஞ்சல்தலையும் இல்லை. அது வெறும் நாட்டுநாய். மேய்ச்சல் நிலம் குறையக் குறைய அதன் வேலையும் குறைந்துவருகிறது.

கடந்த சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் கரிசல் பகுதிக் கிடைகளுக்குப் போய்வருகிறேன். கீதாரிகளிடம் நாய்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அவை என்ன செய்தன என்பதையும் குறித்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு குறிப்பேடு நிறைந்திருக்கிறது. அதில் செவலை என்ற பெயர் ஏழு முறை வருகிறது. ராணி ஒருமுறைகூட வரவில்லை.

சென்ற மாதம் என் மகளையும் அழைத்துச் சென்றேன். அவளுக்குப் பத்து வயது. கிடையில் ஒரு பெட்டை ஈன்றிருந்தது. அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், கேட்டாள். கீதாரி முப்பது வயது இளைஞர், கையில் செல்பேசி. என்னைப் பார்த்து, "வீட்டுக்கா டீச்சர், வேலைக்கா?" என்றார். வீட்டுக்கு என்றால் கண் திறந்த சில நாளிலிருந்தே மனிதர் கை பட வளர்க்க வேண்டுமாம். ஆடுகளோடு விட்டுவிட்டால் பிறகு வீட்டில் நிற்காதாம். வேலைக்கு என்றால் எங்களிடம் தருவதற்கில்லை. இரண்டு நாளில் சொல்லுங்கள், அதற்கேற்றபடி குட்டியைத் தனியே எடுத்துவைக்கிறேன் என்றார். கூடைக்குள் குட்டிகள் கண் திறக்காமல் கிடந்தன. அவற்றில் ஒன்று செம்மண் நிறம்.

பேருந்தில் திரும்பும்போது மகளிடம் ராணியின் கதையைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, அதுக்கு எந்தப் பேர் பிடிச்சிருந்தது?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து, குட்டி அங்கேயே இருக்கட்டும், நாங்கள் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று கீதாரிக்குத் தொலைபேசியில் அவளே சொல்லிவிட்டாள். பெயர் மட்டும் தான் வைக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். அவர் ஒப்புக்கொண்டார். என்ன பெயர் என்பதை என்னிடம் இன்னும் சொல்லவில்லை.